அரைப்பேர் ராஜினாமா

உலக அரசியலுக்கு இலங்கையின் ஊவா மாகாணம் என்ன கொடுத்தது என்று யாராவது உங்களைக் கேட்டால், தேயிலை, உருளைக்கிழங்கு என்று அசட்டுத்தனமாகப் பதில் சொல்லிவிடாதீர்கள். ‘அரைப்பேர் ராஜினாமா’வைக் கொடுத்தது என்று சொல்லுங்கள். கிரேக்கனுக்குத் தோன்றாதது, வெள்ளைக்காரனுக்கு வராதது, லுணுகலைப் பட்டணத்தில் றவூப் நானாவின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில், அறுபத்தொன்பதாம் வருடத்து ஐப்பசி மழையில், பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தோன்றியது. எங்களுக்கு என்றால், ஊவா தோட்டத் தொழிலாளர் உயர்வுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு. நான் அதன் பிரசாரக் காரியதரிசி. ஆகவே நான் சொல்வதில் பொய் இருக்க நியாயமில்லை.

எங்கள் சங்கத் தலைவர் அந்தோனிமுத்து அவர்கள் துரைமார் முன்னால் ஒருநாளும் குனிந்து நின்றவர் அல்லர். பங்களாவில் நாற்காலி போடுவார்கள், உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தவர் எதற்காகக் குனிய வேண்டும்? அவரிடம் ஒரு மொறிஸ் மைனர் கார் இருந்தது. அதை அவர் ‘என் கார்’ என்று சொன்னதே இல்லை. சங்கத்தின் கார் என்றுதான் சொல்வார். சங்கம் தொழிலாளருடையது, கார் சங்கத்துடையது. எனவே காரில் போவது தொழிலாளர்தான். தலைவர் அவர்கள் சார்பில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

இப்பேர்ப்பட்ட மனிதர்மீதுதான் தகரப் பழி விழுந்தது.

கொய்யாமலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஒன்று உண்டு. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள், பெரியாயி என்ற கிழவி பார்த்துக்கொள்வாள். அதன் கூரை சல்லடையாகிவிட்டது. கடல் கடந்த புண்ணியவான்கள் யாரோ கேள்விப்பட்டு, புத்தம் புதுக் கூரைத் தகரம் ஒரு லொறி நிறைய அனுப்பிவைத்தார்கள். லொறி வந்த அன்று தோட்டமே திரண்டது. வருகிற லட்சுமியைச் சும்மா வரவேற்கலாமா? பெண்கள் ஒவ்வொரு தகரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மரியகொரட்டி என்ற கொழுந்துக்காரி வேதக்காரி. அவள் தன் பங்குக்குச் சந்தனத்தாலேயே ஒரு சிலுவை போட்டாள். புதுசு வந்தாயிற்றே என்று துரையும் அன்றைக்கே ஆளை ஏற்றிப் பழைய கூரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

தோட்டத்தில் கிடந்தால் தகரம் களவு போகுமே என்று தலைவருக்கு ஒரே கவலை. பாதுகாப்புக்காக லுணுகலைக்கு எடுத்து வந்தார். பாதுகாப்பு என்றால் சாமானியப் பாதுகாப்பு அல்ல. தம்முடைய வீட்டுக் கார்க் கொட்டகையின் மேலே பரப்பி, ஆணி அடித்து, அசைக்க முடியாதபடி வைத்தார்.

மழை பிடித்தது. பிள்ளைக்காம்பராவில் நான்கு சுவரும் ஆகாயமும் மட்டும் இருந்தன. தாய்மார் குழந்தைகளைத் தேயிலைக்கு அடியில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து, நாலு கொழுந்து கிள்ளுவதும் ஓடிப்போய்ப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அப்படி ஓடினால் நிறுவையில் கொழுந்து குறையுமா, குறையாதா? குறைந்தால் தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: அந்த நாளைக்கு முழுப்பேர் இல்லை, அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம். மரியகொரட்டிக்கு வாரம் முழுக்க அரைப்பேர் விழுந்தது. அவளுடைய கைக்குழந்தை அகஸ்டினாவுக்கு இழுப்பும் கண்டது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு லுணுகலை ஆஸ்பத்திரிக்கு வந்தவள், திரும்பும்போது மழை கொட்டியதால் கண்ணில் பட்ட ஒரு கார்க் கொட்டகைக்குள் ஒதுங்கினாள். குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். கூரையின் உட்புறமெல்லாம் பொட்டு. பொட்டுகளுக்கு நடுவே அவள் தன் கையால் இழுத்த சந்தனச் சிலுவை.

தகரம் அடித்த தச்சுவேலைப் பாஸ் செய்த வேலை அது. பொட்டு வைத்த பக்கத்தை உள்ளே திருப்பி அடித்துவிட்டான். வெளியே இருந்திருந்தால் முதல் மழையிலேயே கழுவிக்கொண்டு போயிருக்கும். தலைவரின் பொதுவாழ்வில் நடந்த ஒரே தவறு என்று நான் இதைத்தான் சொல்வேன்.

மறுநாள் விடிவதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக விஷயம் பரவிவிட்டது. பதுளையிலிருந்து எதிர்ச்சங்கத்துக்காரர்கள் ‘பொட்டு வைத்த தகரம் போன இடம் எங்கே?’ என்று துண்டுப்பிரசுரம் அடித்து, அப்புத்தளை வரைக்கும் விநியோகித்தார்கள். நாங்கள் அவசரக் கூட்டம் கூட்டினோம். பொருள் ஒன்றே ஒன்று: ‘தலைவர் விலகுவதா, வேண்டாமா?’

முதலில் எழுந்தவர் உபதலைவர் லூக்காஸ். அவர் கொள்கைக்காரர். தலைவர் பதவியை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. அதில் அந்தோனிமுத்து இருப்பதைத்தான் விரும்பவில்லை.

“தலைவரு விலகணும்” என்றார். “இத நான் சொல்லல. மனச்சாட்சி சொல்லுது.”

“யாரு மனச்சாட்சி?” என்று கேட்டார் தலைவர்.

“சங்கத்தோட மனச்சாட்சி.”

“சங்கத்துக்குத் தலைவரு நானு. அப்ப அதுவும் எங்கிட்டதானே இருக்கணும்? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே.”

லூக்காஸ் கொஞ்சம் தடுமாறினார். “அப்ப தகரம்?”

“தகரத்தக் கீழ போட்டு வச்சா துரு ஏறும். நிமித்தி வச்சா காத்து தூக்கிக்கிட்டுப் போயிரும். கூரையில வச்சு ஆணி அடிச்சா எங்க போகும்? பத்திரமா இருக்கா, இல்லியா?”

“அடியில காரு நிக்குதே.”

“சும்மா கெடக்குற நெழல்ல காரு நின்னா, நெழலு தேஞ்சா போகும்?”

இந்த வாக்கியத்தை நான் உடனே குறித்துக்கொண்டேன். அடுத்த மே தின ஊர்வலத்துக்கு உதவும் என்று பட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ இருமுவது கேட்டது. குழந்தை இருமல். மரியகொரட்டி நனைந்த கம்பளியோடு நின்றாள். அவள் தோளில் அகஸ்டினா மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

“ஐயா, தகரம் எப்பங்க வரும்?” என்று கேட்டாள்.

காரியதரிசி என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. “இந்தா பாரும்மா, இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல தலைவர் விலகுறது மட்டுந்தான் இருக்கு. தகரம் இல்ல.”

“அதத்தாங்க நானும் சொல்றேன். எங்க காம்பராவுலயும் இல்ல.”

பாமர மக்களுக்குக் கூட்ட ஒழுங்கு விளங்குவதில்லை. அவளை வாசற்படியில் உட்காரச் சொல்லிவிட்டு விவாதத்தைத் தொடர்ந்தோம்.

தலைவர் பெருந்தன்மையானவர். “சரி, விலகுறேன்” என்று எழுந்துவிட்டார். ஆனால் சங்க விதி என்று ஒன்று இருக்கிறதே! ராஜினாமா எதுவானாலும் தலைவரிடம்தான் சமர்ப்பிக்க வேண்டும். ஆகவே அவர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, “உடல்நிலை காரணமாகப் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன்” என்று சமர்ப்பித்தார். பிறகு அந்தப் பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி யோசித்தார்.

“ஏத்துக்க முடியாது” என்றார் கடைசியில். “ஆளு நல்ல தெடமாத்தான இருக்காரு.”

“இது என்னங்க கூத்து?” என்றார் லூக்காஸ்.

“நான் என்னங்க செய்யட்டும்? விதி அப்படி இருக்கு. வேணும்னா பொதுச்சபையக் கூட்டி விதிய மாத்துங்க.”

“பொதுச்சபைய யாரு கூட்டணும்?”

“தலைவரு” என்றேன் நான்.

வாசற்படியில் குழந்தை மறுபடியும் இருமியது. அப்போதுதான் தலைவருக்கு அந்த ஞானம் பிறந்தது.

“ஒரு கொழுந்துக்காரி கொழுந்து கொறைச்சு எடுத்தா தோட்டத்துல என்ன செய்யிறாங்க? பேர வெட்டிக் கலைச்சா விட்டுர்றாங்க? இல்லியே. அரைப்பேரு போடுறாங்க. நான் தொழிலாளிகளோட தலைவன். அவுங்களுக்கு ஒரு நீதி, எனக்கு ஒரு நீதியா? எனக்கும் அரைப்பேரு போடுங்க. பன்னெண்டுக்குப் பகல் மணி அடிக்கிற வரைக்கும் நான் தலைவரு. அதுக்குப் பெறகு நான் விலகிட்டேன்.”

“அந்த மத்தப் பாதி?” என்று கேட்டார் லூக்காஸ். குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

“அது ஒங்களுக்கு.”

சங்கத்தின் மனச்சாட்சி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தலைவருக்குள்ள பிரயாணப்படி, சாப்பாட்டுப்படி எல்லாம் ‘சேவையின் தொடர்ச்சி கருதி’ இருவருக்கும் முழுதாகவே நிற்கும் என்று ஓர் உபபிரிவையும் சேர்த்தோம். பேர்தானே அரை, படி முழுப்படி.

பிளேன்டீ கொண்டுவந்த றவூப் நானா, “என்ன தம்பி, விலகியாச்சா?” என்றார்.

“பாதி விலகியாச்சு, நானா.”

“நல்லம். கொடையப் பாதி விரிச்சிக்கிட்டுப் போற மாதிரி.” அவர் வாசற்படியில் இருந்தவளைப் பார்த்தார். கையில் இருந்த தேநீரில் ஒன்றை அவளிடம் நீட்டிவிட்டு இறங்கிப் போனார். நானா வியாபாரி. அவருக்கு அரசியல் நுணுக்கம் பிடிபடாது.

அரைப்பேர் முறை எவ்வளவு கச்சிதமாக வேலை செய்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மரியகொரட்டி மறுநாள் காலை தலைவரிடம் போனாள்.

“தகரத்த அடிச்சது முழுத்தலைவரும்மா” என்று பொறுமையாக விளக்கினார் அவர். “நான் இப்ப அரைத்தலைவரு. முழுத்தலைவரு அடிச்ச ஆணிய அரைத்தலைவரு எப்படிப் புடுங்குறது?”

பகலுக்குப் பிறகு லூக்காஸிடம் போனாள்.

“காலையில நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல, தங்கச்சி” என்றார் அவர். அவர் தலைவரின் கார்க் கொட்டகை வாசலில் நின்றுதான் பேசினார். உள்ளே மொறிஸ் மைனருக்குப் பக்கத்தில் அவருடைய மோட்டார் சைக்கிளும் நின்றது. கொள்கைக்காரர் என்பதற்காக அவருடைய சைக்கிள் நனையவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அவள் என்னையும் விடவில்லை. கடைத்தெருவில் மறித்து, “எனக்கும் அரைப்பேரு, அவருக்கும் அரைப்பேரு. அவருக்கு மட்டும் ஏங்க மால போடப் போறீங்க?” என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை தலைவருக்கு ‘தியாகப் பாராட்டு விழா’ நடத்த நோட்டீஸ் ஒட்டியிருந்தோம்.

“ஒனக்குக் கொறைச்சது கணக்கப்புள்ள. அவரு தானாக் கொறைச்சுக்கிட்டாரு. அது தண்டனை, இது தியாகம்” என்றேன்.

“புள்ளைக்கு ராத்திரியெல்லாம் மூச்சு வாங்குதுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க தெரியுது” என்று சொல்லிவிட்டு நடந்தாள். வயிற்றெரிச்சலில் பேசுகிறவர்களிடம் வாதாடுவதில்லை என்பது என் கொள்கை.

விழா தலைவரின் வீட்டு முற்றத்திலேயே நடந்தது. பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் பிரமுகர்கள் வந்திருந்தார்கள். மணி பகலை நெருங்கிக்கொண்டிருந்ததால், இரண்டு அரைத்தலைவர்களும் ஒரே மேடையில் இருந்த அபூர்வக் காட்சி அது. நான் ‘பதவியைத் துரும்பென மதித்த பெருமகன்’ என்று தொடங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. அதே நேரம் கொய்யாமலைப் பெண்கள் கூட்டமாகப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். தலையில் கம்பளி, இடுப்பில் பிள்ளை. முன்னால் மரியகொரட்டி, பின்னால் பெரியாயி. மாலை போடத்தான் வருகிறார்கள் என்று நினைத்து ஒலிபெருக்கியில் வரவேற்றேன்.

அவர்கள் மேடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே கொட்டகைக்குள் போனார்கள். முந்தானையில் சுருட்டி வைத்திருந்த பழஞ்சேலைகளை உத்தரத்தில் எறிந்து, முடிச்சுப் போட்டு, தொட்டில் தொட்டிலாகக் கட்டத் தொடங்கினார்கள். பெரியாயி லூக்காஸின் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய் மழையில் நிறுத்திவிட்டு வந்தாள். நாலைந்து தொட்டில் கட்டியதும் இடம் போதவில்லை. நடுவில் கார் நின்றது.

பிரமுகர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தலைவர் மாலையோடு இறங்கி ஓடினார்.

“என்னம்மா இது, ஊரு பாக்குதுல்ல? நான் விலகணும், அதானே ஒங்களுக்கு வேணும்? இந்தா, மிச்சப் பாதியையும் இப்பவே விட்டுர்றேன். லூக்காஸும் விட்டுருவாரு.”

லூக்காஸ் இதை எதிர்பார்க்கவில்லை.

மரியகொரட்டி அகஸ்டினாவைத் தொட்டிலில் கிடத்திக்கொண்டிருந்தாள். மரியாதை குறையாமல்தான் பேசினாள்.

“நீங்க விலக வேணாங்க, தலைவரையா. காலையில நீங்க இருங்க, பகலைக்கு அவரு இருக்கட்டும். நாங்க ஒண்ணும் சொல்லல. காரு விலகினா போதுங்க.”

இதற்குச் சங்க விதியில் இடம் உண்டா என்று நான் அவசரமாகத் தேடினேன். கார் விலகுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் தேடி முடிப்பதற்குள் பெண்கள் தோள் கொடுத்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த றவூப் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஒரு கை கொடுத்தார். கார் முனகக்கூட இல்லை. மெல்ல உருண்டு முற்றத்து மழையில் போய் நின்றது. அது நின்ற இடத்தில் மேலும் நாலு தொட்டில்கள் தொங்கின. கொஞ்ச நேரத்தில் இழுப்புத் தணிந்து அகஸ்டினா தூங்கிப்போனது. அதன் மூச்சுச் சத்தம் மேடை வரைக்கும் கேட்கவில்லை.

என் சேவைக்காலத்தில் எத்தனையோ பெரியவர்களை விலகச் சொல்லித் தீர்மானம் எழுதியிருக்கிறேன். விலக வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். யாரும் அசைந்ததில்லை. சொன்னதும் மறுபேச்சில்லாமல் இடத்தை விட்டது அந்த மொறிஸ் மைனர் ஒன்றுதான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த நேரம் எங்களில் ஒருவரும் அதற்குள் உட்கார்ந்திருக்கவில்லை.