மலிவுச் சட்டைகளின் மகத்தான தோல்வி

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு கம்பளியைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே பிஷ்கெக் நகரில் எங்கள் மலைப்பாதை ஓட்டக் கழகம் அவதரித்தது என்று சொன்னால் மிகை என்பீர்கள். எங்கள் தலைவரோ, செயலாளரான நான் அடக்கி வாசிக்கிறேன் என்று வருத்தப்படுவார்.

தலைவரின் பெயர் தோக்தோபெக். எங்கள் மொழியில் 'தோக்தோ' என்றால் 'நில்'. ஓட்டக் கழகத்துக்கு இப்படிப் பெயர் கொண்டவர் தலைவராகலாமா என்று ஆரம்பத்தில் சில அற்பர்கள் கேட்டார்கள். அவர் தம் பெயரைக் காப்பாற்றியவர். தேர்தலில் நின்றார். மேடையில் நின்றார். பந்தயம் முடிந்து கோப்பையோடு படம் எடுத்துக்கொள்பவர்களின் நட்டநடுவில் நின்றார். ஓடுவதை மட்டும், மற்றவர்களுக்கும் வாய்ப்பு வேண்டுமே என்று, பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்.

நான் சமத், கழகத்தின் செயலாளர். தலைவர் பேசும்போது கேமரா பிடிப்பதும், நடுநடுவே கைதட்டுவதும் என் பொறுப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பழகுவதற்குள் ஒரு கேமரா போயிற்று.

அந்த ஆண்டு குளிர்காலப் பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர், "வெளிநாட்டுக் குளிருடை வாங்க வசதியில்லை, வரவில்லை" என்றார்கள். கழகத்திலேயே வேகமாக ஓடக்கூடிய சைகல்கூட அண்ணனின் தொழிற்சாலை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் பயிற்சிக்கு வருவாள். விடியற்காலையில் கடை கடையாக ரொட்டி வேன் ஓட்டுகிறவள். அந்த ஜாக்கெட்டில் ஓடினால் பின்னாலேயே ஆள் துரத்திக்கொண்டு வருவதுபோல் சத்தம் வரும்.

"அதனாலதான் நான் வேகமா ஓடுறேன்" என்பாள்.

இந்த நிலையில்தான் குல்சுன் அக்கா கழகத்துக்கு வந்தார். ஊரில் தையல் பட்டறை வைத்திருப்பவர். குளிர்காலத்தில் வேலை குறைந்து மெஷின்கள் சும்மா கிடந்ததால், ஓடுகிறவர்களுக்கென்றே மலிவாக மூன்று வகை உடைகள் தைத்திருந்தார். ஒவ்வொன்றும் உள்ளே பஞ்சுபோன்ற சட்டை, வெளியே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட். ஒன்று ஆரஞ்சு, ஒன்று பச்சை, ஒன்று கத்திரிப்பூ நிறம்.

"தம்பி, இதைப் போட்டு ஓடிப்பாருங்க. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு உங்க வீடியோ சேனல்ல நாலு பேருக்குச் சொல்லுங்க. நல்லா இல்லைன்னா எங்க பிரிச்சுத் தைக்கணும்னு எனக்கு மட்டும் சொல்லுங்க" என்றார்.

இவ்வளவு சாதாரணமான ஒரு வேண்டுகோளை அப்படியே விட்டுவிட்டால் கழகம் எதற்கு? உடனே அவசரக் கூட்டம் கூடியது. மூன்று உடைகளுக்கும் முறையே 'சிக்கனம்', 'பெருஞ்சிக்கனம்', 'தியாகம்' என்று பெயர் சூட்டப்பட்டது. தலைவர் எழுந்து முழங்கினார்:

"மலிவே மாண்பு! மலையே மருந்து! மக்களுக்கான உடையை மக்களே சோதிப்போம்!"

பிறகு, கூட்டத்துக்கு வராத ஒரே உறுப்பினரான சைகல், சோதனையாளராக 'ஒருமனதாக'த் தேர்ந்தெடுக்கப்பட்டாள். தகவலைச் சொல்ல நான் அவளுடைய ரொட்டி வேனுக்குப் போனேன்.

"சோதனை முடிஞ்சதும் துணி யாருக்கு?" என்று கேட்டாள்.

"ஜெயிக்கிற உடை உனக்குத்தான். தலைவரே சொல்லிட்டாரு."

"அப்போ சரி. பந்தயத்துல அதையே போட்டுக்குவேன். எங்கண்ணனும் ஜாக்கெட்டைக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

குறித்த ஞாயிற்றுக்கிழமை தலைவர், சைகல், நான் மூவரும் நகருக்கு வெளியே உள்ள ஆலா அர்ச்சா பள்ளத்தாக்கில் வந்து இறங்கினோம். சைகல் உடம்போடு ஒட்டிய ஓட்டச் சட்டையின் மேல் பச்சை உடையைப் போட்டிருந்தாள். மற்ற இரண்டும் அவள் முதுகுப்பையில் இருந்தன. தலைவர் அணிந்திருந்தது வேறு ரகம். துருவப் பகுதிக்குப் போகிறவர்களுக்காகச் செய்த வெளிநாட்டு ஜாக்கெட். நகரத்தில் அதை விற்கும் கடைக்காரர் அவரை 'உடைத் தூதர்' என்று நியமித்திருந்தார். அதற்கு உள்ளே, கழகத்தின் பெயரும் தம் படமும் அச்சிட்ட பருத்தி பனியன்.

"தலைவரே, பருத்தி வேண்டாமே. வேர்த்தா காயாது. அப்புறம் ஐஸ் வச்சு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கும்" என்றாள் சைகல்.

"தங்கச்சி, இன்னைக்குச் சோதனை உன் உடைக்குத்தான். என் உடைக்கு இல்லை."

"மலைக்கு அது தெரியுமா?"

தலைவர் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். நான் குறித்துக்கொள்ளவில்லை, விரல் விறைத்திருந்தது.

ஆய்வு முறையைத் தலைவரே வகுத்திருந்தார். மலைமுகட்டில் காற்று அதிகம் அடிக்கும் இடத்தில் சைகல் ஒவ்வோர் உடையிலும் ஒரு சுற்று ஓட வேண்டும். ஓடி வந்து அங்கேயே உடை மாற்ற வேண்டும். கீழே போய் மாற்றினால் 'அறிவியல் சூடு' போய்விடுமாம்.

"நடு மலையில நின்னு நான் துணி மாத்தணுமா?"

"அறிவியலுக்கு வெட்கம் கிடையாதும்மா."

"எனக்கு இருக்கே!"

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, உள்சட்டை மாறாது, மேலே உள்ளவை மட்டுமே மாறும் என்று உடன்பாடு ஏற்பட்டது.

ஏறினோம். சைகல் ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் துள்ளிப் போய், திரும்பி வந்து எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி போனாள். துருவ ஜாக்கெட்டுக்குள் தலைவர் வெந்துகொண்டிருந்தார். கழுத்துப் பக்கமிருந்து ஆவி வந்தது. ஜிப்பைத் திறக்கலாமே என்றேன். மார்பில் உள்ள சின்னம் கேமராவில் கோணலாகத் தெரியும் என்று மறுத்துவிட்டார். தூதர் பதவி சும்மாவா?

முகட்டில் காற்று காதைப் பிய்த்தது. சைகல் பச்சையில் ஒரு சுற்று ஓடினாள். ஆரஞ்சுக்கு மாறி இன்னொரு சுற்று. பிறகு கத்திரிப்பூ. மூன்று முறையும் கன்னம் சிவக்க, உற்சாகமாகத் திரும்பி வந்தாள்.

"பச்சைதான் சூப்பர்! ஆரஞ்சுல அக்குள் கொஞ்சம் பிடிக்குது, அவ்வளவுதான். குல்சுன் அக்கா கை தங்கக் கை!"

இந்த முடிவு மிக விரைவாக வந்துவிட்டதால் தலைவருக்குத் திருப்தியில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்து விளக்கவுரை தொடங்கினார். "மலையே... மருந்து... மலிவே..." என்றார். பிறகு, "ம..." என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

தலைவர் பேச்சை நிறுத்திவிட்டார்! கழக வரலாற்றில் இப்படி நடந்ததே இல்லை. ஏதோ பெரிய ஆபத்து என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைகல் ஓடிவந்து அவர் ஜாக்கெட்டைத் திறந்தாள். உள்ளே பனியன் சொட்டச் சொட்ட நனைந்து, அவர் படத்தின் மூக்குப் பக்கம் விறைக்கத் தொடங்கியிருந்தது. உதடு நீலம். பல் தந்தியடித்தது.

"சமத், பிடி! பனியனைக் கழட்டு!"

"தலைவரோட படம் இருக்கு..."

"படத்தைக் காப்பாத்தணுமா, ஆளைக் காப்பாத்தணுமா?"

கழற்றினோம். அவரைத் துடைத்துவிட்டு, பையிலிருந்த பச்சை, ஆரஞ்சு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினாள். நடுக்கம் நிற்கவில்லை. கொஞ்சமும் யோசிக்காமல் தன் உடம்பிலிருந்த கத்திரிப்பூ நிறத்தையும் கழற்றி அவருக்குப் போட்டாள். தொப்பியையும் எடுத்து அவர் தலையில் வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே துருவ ஜாக்கெட். இதுவரை தலைவரின் பேச்சில் மட்டுமே அடுக்கு இருந்தது. இப்போது உடம்பிலும் வந்துவிட்டது.

என் ஜாக்கெட்டையும் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். வரலாற்றைப் பதிவுசெய்யும் கை நடுங்கக்கூடாது என்று செயலாளர் என்ற முறையில் நான் ஒரு கொள்கை முடிவு எடுத்திருந்தேன்.

"அவரை உட்கார விடாதே. பிடிச்சு நடக்க வச்சுக்கிட்டே கீழ வா. நான் போய் அடிவாரத்துல வனக்காவலர்கிட்ட இருந்து குதிரை கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, உள்சட்டை ஒன்றோடு சைகல் பனிச்சரிவில் பாய்ந்தாள். ஓட்டம் என்றால் அதுதான் ஓட்டம். நான் படம் பிடிக்க மறந்துவிட்டேன்.

நான் தலைவரைத் தாங்கித் தாங்கி நடத்தினேன். பாதி வழியில் அவர் வாயிலிருந்து "மலையே" என்று ஒரு சொல் வந்தது. பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்தது. அதற்குள் சைகல் அனுப்பிய வனக்காவலர் குதிரையோடு எதிரே வந்துவிட்டார். தலைவரை மூட்டைபோல் ஏற்றிக் கட்டினோம். "எத்தனை சட்டைய்யா போட்டிருக்கான், கட்டக் கயிறு பத்தலையே!" என்றார் காவலர்.

கீழே காவலர் குடிசையில் அடுப்பு எரிந்தது. சைகல் ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்பையே கட்டிப்பிடிக்கப் போகிறவள்போல் உட்கார்ந்திருந்தாள். ஒரு காது மடல் வெள்ளைவெளேர் என்றிருந்தது. கிண்ணம் பல்லில் பட்டுக் கடகடத்தது. தலைவர் சூடான தேநீர் குடித்தார், சூப் குடித்தார், முகம் சிவந்தார், எழுந்து நின்றார்.

"செயலாளரே, கேமரா!"

கேமராவை ஓட விட்டேன். அவர் மனமுருகிப் பேசினார்:

"நேயர்களே! இதோ என்னைப் பாருங்கள். துருவ ஜாக்கெட் அணிந்த நான், கடும் ஆபத்தையும் வென்று கதகதப்பாக நிற்கிறேன். இதோ இந்தப் பெண்ணைப் பாருங்கள். மலிவு உடையைச் சோதிக்கப் போனவள். எப்படி நடுங்குகிறாள்! இதற்கு மேலும் ஆதாரம் வேண்டுமா?"

சைகல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அண்ணே... அந்த உடை... உங்க உடம்புல..." அதற்குமேல் பல் விடவில்லை.

"பாருங்கள், பேசக்கூட முடியவில்லை!" என்றார் தலைவர்.

படம் அன்றே வெளியானது. ஊரே பார்த்தது. மறுநாள் குல்சுன் அக்காவின் பட்டறைக்கு வந்திருந்த இரண்டு மூன்று ஆர்டர்களும் கைவிட்டுப் போயின. அவர் சைகலை வீட்டில் போய்ப் பார்த்து, நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு எங்கள் வாராந்தரக் கூட்டத்துக்குள் நுழைந்தார். அன்று மின்சாரம் இல்லை. கூடத்தில் வாயைத் திறந்தால் புகை. தலைவர் மட்டும் குளிர் தெரியாமல் உரையாற்றிக்கொண்டிருந்தார்.

"டேய் தோக்தோபெக், என் துணி எங்கடா?"

"அக்கா, தோற்றுப்போன ஆய்வுப் பொருள்கள் கழகத்தின் காவலில் இருக்கு."

"காவல்லயா? உன் கழுத்துக்கிட்ட ஆரஞ்சு தெரியுது! அதுக்கு அடியில பச்சை தெரியுது!"

தலைவர் தடுமாறவில்லை. "நீண்டகாலச் சோதனை நடக்குது அக்கா. ஆய்வு நடக்கும்போது குறுக்கிடக்கூடாது."

"கழட்டு!"

"இந்தக் குளிர்லயா?"

கூடமே வெடித்துச் சிரித்தது. காதில் கட்டுப் போட்டிருந்த சைகலுக்குச் சிரித்தால் காது வலிக்கும். காதைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். நான் கடமை தவறாமல் கைதட்டினேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

தலைவர் கடைசிவரை கழற்றவில்லை. குல்சுன் அக்கா கூடத்தில் சிரித்தவர்களைப் பார்த்தார், பிறகு தலைவரைப் பார்த்தார். "வேணும்னா வச்சுக்கடா. இந்தப் பொண்ணுக்கு நான் புதுசாத் தைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தைத்தார். அக்குளைக் கொஞ்சம் தளர்த்தி, காதை மூடும் தலைப்பட்டை ஒன்றையும் சேர்த்துத் தைத்தார். சைகல் அதைப் போட்டுக்கொண்டு குளிர்காலப் பந்தயத்தில் ஓடி இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்த, அல்மாத்தி நகரத்துப் பெண், மூச்சு வாங்கிக்கொண்டே, "இதை எங்க வாங்குனே?" என்று கேட்டாளாம். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பட்டறையில் மெஷின் நிற்கவில்லை.

இதெல்லாம் கழகத்தின் முடிவை மாற்றாது. அறிவியல் அறிவியல்தான். குல்சுன் அக்காவின் உடைகளால் மலைக் குளிரில் ஓர் உயிரைக்கூடக் காப்பாற்ற முடியாது என்பதே எங்கள் அதிகாரபூர்வமான கண்டுபிடிப்பு. சந்தேகம் இருப்பவர்கள் எந்த நாளும் கழகத்துக்கு வரலாம். தலைவர் உயிரோடுதான் இருக்கிறார், நேரிலேயே விளக்குவார்.