ஒன்பது கிண்ண விருந்து

"ஏனுங்க, இந்த மீனை வேக வெக்கோணுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்க" என்று புருஷனிடம் கேட்டாள் அத்தாயி, கையில் தட்டோடு.

"வேண்டாம். பச்சையாத்தான்."

"பூனைக்குங்களா?"

"ஜப்பான்காரருக்கு!"

குமாரபாளையத்தில் துண்டு நெய்யும் தறிப்பட்டறை நடத்தும் தங்கசாமிக்கு வாழ்நாளில் எதிலும் சந்தேகம் வந்ததில்லை. பட்டறையில் பாதித் தறிகள் இரண்டு மாதமாக நின்றிருந்தன. அந்த நேரத்தில்தான் ஜப்பானிலிருந்து ஒரு கம்பெனி, துண்டுகளைப் பார்க்க முதலாளியே தம் ஆள் ஒருவரோடு நேரில் வருவதாகக் கடிதம் போட்டிருந்தது. ஆர்டர் அமைந்தால் அத்தனை தறியும் ஓடும்.

விருந்துக்கு வழியும் அவர் கைவசம் இருந்தது. டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில், பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். அமெரிக்காவில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஜப்பானிய உணவு விடுதி. அங்கே 'கைசெகி' என்று ஒரு விருந்து. ஒன்பது சின்னக் கிண்ணங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் ஒரு வாய்தான். அடியில் அழகாக ஓர் இலை. குடிக்க, சூடான மது. டாக்டர் பார்க்காத நேரத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

படத்தில் இருந்த இலை ஆமணக்கு இலை போலவே இருந்ததால் ஆமணக்கு இலையே பறித்தாயிற்று. மதுவுக்கு நாட்டு மருந்துக் கடையில் இரண்டு பாட்டில் திராட்சாரிஷ்டம். பிடித்துச் சாப்பிட வேப்பங்குச்சிகளைச் சீவி வைத்தார்.

"ஒரு வாய்ச் சோத்தைப் போட்டா விருந்தாளி என்னங்க நெனைப்பாரு?" என்றாள் அத்தாயி. அவள் தன் பங்குக்கு ஒரு சட்டி நிறையக் கோழிக் குழம்பு வைத்திருந்தாள்.

"அதை வெளிய காட்டீராத. மானம் போயிரும்."

பகல் பன்னிரண்டரைக்கு வாடகைக் கார் வந்து நின்றது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட மெலிந்த ஜப்பானியர் முகம் வெளிறி இறங்கினார். பின்னாலேயே, அரைக்கை வெள்ளைச் சட்டையில் நம்மூர்க்காரர் ஒருவர் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வணக்கமுங்க. நான் காளியண்ணன். ஆத்தூர்ப் பக்கமுங்க பூர்வீகம். இவரு நகமுரா. நானுங்க..."

"தெரியுதுங்க. பேச்சை மாத்திச் சொல்ல வந்திருக்கறீங்க. பொட்டிய அந்த மூலையில வெச்சிட்டு இவரு பக்கத்துல நில்லுங்க" என்று தங்கசாமி ஜப்பானியரின் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பாயில் உட்கார வைத்தார்.

முதல் கிண்ணம் வந்தது. மூன்று வேகவைத்த நிலக்கடலை. நகமுரா கடலையைப் பார்த்தார், வேப்பங்குச்சியைப் பார்த்தார். நாலு நாளாக ஊர் சுற்றியதில் யாரோ பல் தேய்ப்பதைப் பார்த்திருப்பார் போலும். ஒரு குச்சியை எடுத்து மென்று பல் தேய்க்க ஆரம்பித்தார்.

"கசப்பு போகட்டும். மதுவை ஊத்துங்க!" என்றார் தங்கசாமி.

காளியண்ணன் ஊற்றினார். சூடான அரிஷ்டத்தை விழுங்கிய நகமுராவின் கண்களில் தண்ணீர் வந்தது.

"சந்தோசக் கண்ணீருங்க. இன்னும் ஊத்துங்க."

"ஏனுங்க, கார்ல வந்ததுல இவருக்கு வயிறு சரியில்லீங்க. அதானுங்க பொட்டியக்கூட நானே..."

"அதுக்குத்தான் அரிஷ்டம். ஊத்துங்க."

அடுத்தது மீன். ஜேடர்பாளையத்து ஆற்றில் அன்று காலை பிடித்த கெளுத்தி. நகமுரா பதறிப்போய்ப் பாயில் ஒரு முழம் பின்னால் நகர்ந்தார்.

"ஆத்து மீனை அவங்க பச்சையாத் திங்க மாட்டாங்க" என்றார் காளியண்ணன்.

"உங்களுக்கு என்னங்க தெரியும்? பத்திரிகையிலயே போட்டிருக்குது" என்று தங்கசாமி சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

மனம் நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நகமுரா மீனை விட்டுவிட்டு அடியிலிருந்த ஆமணக்கு இலையைச் சுருட்டி வாய்க்குக் கொண்டுபோனார். தங்கசாமி பாய்ந்து பிடுங்கியதில் அரிஷ்டப் பாட்டில் கவிழ்ந்து, சாம்பல் நிறக் கோட்டு மார்பிலிருந்து முழங்கால் வரை பழுப்பானது.

"தொடைங்க, தொடைங்க! நின்னு பாத்துக்கிட்டு இருந்தா?" என்று காளியண்ணனை அதட்டினார். மாதிரிக்கு வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்துக் காளியண்ணன் துடைத்தார். துடைத்துவிட்டு அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா உறிஞ்சுதுங்களே!"

"துண்டைப் பத்தி உங்ககிட்டக் கேட்டனுங்களா? உள்ளார போங்க. ஏழாவது கிண்ணத்துக்குத் தயிர் வெங்காயம் வேணும். ஊட்டுக்காரிக்கு உரிச்சுக் குடுங்க. அப்புடியே அங்கயே உக்காந்து எதாச்சும் சாப்புடுங்க."

காளியண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து கோழிக் குழம்பு வாசனை வந்தது. அதன் பின்னாலேயே உள்ளே போய்விட்டார்.

அதன்பின் விருந்து தடங்கலில்லாமல் நடந்தது. கேட்டுச் சொல்ல ஆளில்லாததால் தங்கசாமிக்கு எல்லாமே சிறப்பாகப் போவதாகத் தோன்றியது. ஒன்பதாவது கிண்ணத்தில் ஒரே ஒரு கற்கண்டு. அதை நகமுரா நன்றியோடு சாப்பிட்டதும் தங்கசாமி துண்டுக்கட்டை அவர் முன்னால் பிரித்துப் போட்டார்.

"சார், ஆர்டர்?"

நகமுரா குனிந்து வணங்கினார். பிறகு அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார்.

"சோறுங்களா? ஒரு கையெழுத்தைப் போட்டுருங்க. அண்டாவோட கொண்டாரச் சொல்றேன்."

நகமுரா மறுபடியும் வணங்கி மறுபடியும் அடுக்களையைக் காட்டினார்.

அப்போது கார் டிரைவர் அம்மாசி வாசலில் வந்து நின்றான்.

"ஏனுங்க, ரயிலுக்கு நேரமாச்சு. மொதலாளி கெளம்பலாமுங்களா?"

"அவரையே கேளு. உன்ற முன்னாலதான உக்காந்திருக்காரு."

அம்மாசி நகமுராவைப் பார்த்தான். தங்கசாமியைப் பார்த்தான். அடுக்களையை எட்டிப் பார்த்தான்.

"இவரு துணிய போட்டோப் புடிக்க வந்த ஆளுங்க. ஜப்பான்ல கம்பெனி வெச்சிருக்கற மொதலாளி, அங்க உங்க ஊட்டு வெங்காயத்தை உரிச்சிக்கிட்டு இருக்கறாருங்க."