மாப்பிள்ளைக்கு, சீல் வைத்த ஒயர் சம்பந்தமாக

மேலகரம், தென்காசி.
வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால் மணி.

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை லிங்கேஸ்வரன் அவர்களுக்கு, மாமனார் சொரிமுத்து (காவல்துறை, ஓய்வு) எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கள் அத்தை ஆனந்தவள்ளி சுகம், மஞ்சு சுகம். மஞ்சுவின் மானிட்டருக்கு மட்டும் சுகமில்லை. அங்கே உங்கள் சுகத்தையும், சென்ற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதையும் மறுதபாலில் விவரமாக எழுதவும்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போனில் நாம் பேசுவதை யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன வாரம் அத்தையிடம் குக்கருக்கு ரப்பர் வாங்க வேண்டும் என்று சும்மா சொன்னேன், அரை மணி நேரத்தில் என் போனில் குக்கர் விளம்பரம் வந்து நிற்கிறது. பதிவுத் தபாலை அப்படி யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. தவிர, முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் பதினெட்டு வருஷம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன் நான். வாயால் சொன்னதை எவனும் மறுத்துவிடுவான், எழுதிவிட்டால் முடியாது.

சம்பவம் என்னவென்றால், பொங்கல் வரைக்கும் எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று மஞ்சுவின் கம்பெனியில் சொன்னதும், உங்கள் கம்பெனியில் அப்படிச் சொல்லாததும், அதனால் அவள் மட்டும் ஆவணியில் இங்கே வந்ததும் நீங்கள் அறிந்ததே. வந்த அன்றைக்கே லேப்டாப் சின்னதாக இருக்கிறது, கண் வலிக்கிறது என்றாள். மறுநாளே பெரிய மானிட்டர் ஒன்று வாங்கி, உங்கள் அத்தையின் தையல் மிஷின் மேஜையைக் காலி பண்ணி அதில் வைத்தேன். தையல் மிஷின் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும். அன்று முதல் ஆயுத பூஜை வரை அந்த மானிட்டர் ஒரு நாள்கூட தகராறு பண்ணியதில்லை. ஆயுத பூஜை அன்று எல்லாவற்றையும் நானே என் கையால் துடைத்து, சந்தனம் உரைத்து, குங்குமம் வைத்து, படையல் போட்டேன். ஸ்டேஷனில் அந்த வேலை என்றைக்கும் என்னுடையதுதான். மற்றவர்கள் துப்பாக்கிக்குக் கட்டையில் பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள், நான் குழாயின் வாயில்தான் வைப்பேன், வேலை செய்கிற இடம் எதுவோ அதற்குத்தானே மரியாதை. அந்த முறைப்படி இங்கேயும் லேப்டாப்பிலிருந்து மானிட்டர் ஒயரை உருவி, துணியால் துடைத்து, அதன் வாயில் தாராளமாக ஒரு பொட்டு வைத்து, மறுபடி இருந்த இடத்திலேயே அழுத்திச் செருகினேன். ஆக, பூஜை நேரம் வரை பொருள்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன என்பதற்கு நானே கண்கண்ட சாட்சி. அதற்குப் பிறகுதான் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

விஜயதசமி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை காலை மஞ்சு லேப்டாப்பைத் திறந்தால் மானிட்டரில் "நோ சிக்னல்" என்று வருகிறது. "எப்பா, மானிட்டர் வரல"ன்னா. நான் சவரத்தைப் பாதியில் விட்டுட்டு ஓடினேன். அணைத்துப் போட்டாள், வரவில்லை. மானிட்டரின் பட்டனை அமுக்கி அதில் இருக்கும் இணைப்பு வழிகளை ஒவ்வொன்றாக மாற்றினாள், வரவில்லை. கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் 'பி'யையும் சேர்த்து அமுக்கினாள், நாலு படம் வந்தது, நாலையும் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் செட்டிங்ஸுக்குள் போய், இன்னொரு திரை இருக்கிறதா கண்டுபிடி என்று உத்தரவு போடுகிற பட்டனை அமுக்கினாள். மாப்பிள்ளை, அந்த லேப்டாப் என்ன சொன்னது தெரியுமா. அப்படி ஒரு திரையே தட்டுப்படவில்லை என்கிறது. மானிட்டர் அதற்கு நேர் எதிரே ஒரு முழத்தில் நிற்கிறது, இடையில் ஒயர் போகிறது, ரெண்டு மாசமாகச் சேர்ந்து வேலை பார்த்தவை. அடையாள அணிவகுப்பில் நிற்க வைத்தால் கூட்டாளியைப் பார்த்து 'இவனை நான் பார்த்ததே இல்லைங்கய்யா' என்பானே, அச்சு அசல் அதே பேச்சு. எனக்கு அங்கேயே பொறி தட்டிவிட்டது.

இதற்குள் மாடியில் குடியிருக்கும் ஜெஸ்வின் இறங்கி வந்துவிட்டான். காலேஜில் கம்ப்யூட்டர் வாத்தியார், நல்ல பையன்தான், வாடகை தவறியதில்லை. ஆனால் யாரும் கூப்பிடாமலே வந்தான் என்பதைக் குறித்துக்கொள்ளவும். கேட்டால், "அண்ணாச்சி, நீங்க போட்ட சத்தம் அருவிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்லா"ங்கான். அவன் தன்னுடைய ஒயரைக் கொண்டுவந்து மஞ்சுவின் லேப்டாப்பில் செருகினான், வரவில்லை. அதே ஒயரில் அவனுடைய லேப்டாப்பை மானிட்டரோடு இணைத்தான், பளிச்சென்று வந்தது. ஆக மானிட்டர் நிரபராதி. "கேபிள்லயும் கோளாறு இல்ல போல, லேப்டாப்புலதான் என்னமோ இருக்கு"ன்னான். கேபிளில் கோளாறு இல்லை என்று எப்படி அவ்வளவு சீக்கிரம் சொல்கிறான்? நான் உடனே மஞ்சுவின் ஒயரை இரண்டு பக்கமும் கைக்குட்டையால் பிடித்து உருவி, யாரும் தொடாதபடி காக்கி உறைக்குள் போட்டு, அரக்கு சீல் வைத்து, கைப்பற்றிய விவரத்தை மகஜராக எழுதி, பால்காரர் பிச்சுமணியிடமும் உங்கள் அத்தையிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். "கேபிள எதுக்கு எப்பா அரெஸ்ட் பண்ணுதீங்க"ன்னு மஞ்சு கேட்டா. கைரேகை அழியக் கூடாது என்றேன். வேறு ஒயர் போட்டாலும் வரவில்லை என்பதால் அவளுக்கு அதனால் நஷ்டமில்லை.

தென்காசியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சாம் என்பவரிடம் விசாரித்தேன். குற்றாலத்துச் சாரல் காற்று உள்ளே போயிருக்கும், மதர்போர்டை மாற்றணும் என்றார். சாரல் காற்று ஆவணியோடு போய்விட்டது, மானிட்டர் அக்டோபரில் நிற்கிறது, இடையில் அந்தக் காற்று எங்கே தலைமறைவாக இருந்தது என்று கேட்டேன். அடுத்து உங்கள் அத்தையை விசாரித்தேன். சந்தேகம் என்று வந்துவிட்டால் சொந்தம் பார்க்கக் கூடாது. மானிட்டர் போனால் தையல் மேஜை யாருக்குத் திரும்பக் கிடைக்கும்? இதை நான் மரியாதையாகத்தான் கேட்டேன். "இன்னைக்கு மத்தியானம் நீங்களே சோறு வடிச்சுக்கிடுங்க"ன்னுட்டா. குற்றம் செய்யாதவர்கள் இப்படிக் கோபப்படுவார்களா என்று யோசித்துக்கொண்டே சோறு வடித்தேன், குழைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முதல் நான் மஞ்சுவின் அறையிலேயே நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, சாப்பாட்டு நேரம் நீங்கலாக. ஆறு மணிக்கு மேல் குற்றாலம் ரோட்டில் ஒரு நடை, வரும் வழியில் விசாரணை, ஏழரைக்கு வீடு. இந்த ஆறு நாளில் எனக்குக் கிடைத்த தடயங்கள் இரண்டு. ஞாயிறு முதல் தினமும், நடை முடிந்து வந்து தொட்டுப் பார்த்தால், மானிட்டரின் முதுகு சூடாக இருக்கிறது. வேலை செய்யாத மானிட்டர் ஏன் சூடாகணும்? மேஜைக்கு அடியில் ஒரு பல் குத்தும் குச்சியும் கிடைத்தது, நுனியில் மஞ்சளாக என்னவோ ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டில் பல் குத்தும் வழக்கம் யாருக்கும் கிடையாது. மாடியில் ஜெஸ்வின் வாரத்தில் மூன்று நாள் கோழி சமைக்கிறான், மசாலா மஞ்சள்தான். குச்சியைத் தனி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு நடந்தும் மஞ்சு பதறவில்லை, சிரித்த முகமாகத்தான் இருக்கிறாள். என் ரத்தம், அந்தத் தைரியம் இருக்கத்தான் செய்யும்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், மனம் கோணக் கூடாது. வெள்ளிக்கிழமை மத்தியானமே நீங்கள் போன் போட்டு, "சரியாகலன்னா அவ இங்கன வந்திரட்டும் மாமா, எங்கிட்ட ரெண்டு மானிட்டர் சும்மா கிடக்கு" என்றீர்கள். ரெண்டு மானிட்டர் ஒரு மனுஷனுக்கு எதற்கு என்று அப்போதே யோசித்தேன். நீங்களும் இதே தொழிலில் இருப்பவர். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டே இங்கிருக்கும் லேப்டாப்புக்குள் புகுந்து எதையும் செய்யலாம் என்று ஜெஸ்வின் சொல்லுதான். பூஜைக்கு முந்தின நாள் அந்த லேப்டாப்பில் அப்டேட் என்று ஒன்று தானாக ஓடியதும் உண்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, திங்கட்கிழமை மஞ்சுவின் போனில் தற்செயலாக (வேவு பார்க்கவில்லை) ஒரு பஸ் டிக்கெட்டைப் பார்த்தேன். கண்ணாடி போடவில்லை, இருந்தாலும் தென்காசி, பெங்களூர், சனிக்கிழமை, ஒரு சீட் என்பது தெளிவாகத் தெரிந்தது. மானிட்டர் போனது வெள்ளி, டிக்கெட் வந்தது திங்கள். இவ்வளவு சுறுசுறுப்பு நம் ஆட்களிடம் சாதாரணமாகக் கிடையாது மாப்பிள்ளை.

உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் வீட்டில் இருந்ததே இல்லை. கோயில் கொடைக்கு பந்தோபஸ்து, தேர்தலுக்கு பந்தோபஸ்து, சீசனுக்கு அருவிக்கரையில் பந்தோபஸ்து. ஊரார் பிள்ளைகள் வழுக்கி விழாமல் மெயின் அருவியில் நின்று விசில் ஊதினேன், என் பிள்ளையை ஒரு நாள் அருவிக்குக் கூட்டிப் போனதில்லை. அப்புறம் காலேஜ், வேலை, கல்யாணம் என்று போய்விட்டாள். இந்த ரெண்டு மாசமாகத்தான் பக்கத்து அறையில் அவள் அமெரிக்காக்காரர்களிடம் இங்கிலீஷில் அதட்டிப் பேசும் சத்தம் கேட்கிறது. ஒரு வார்த்தை புரியாது, கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு ஒயர் வேலை செய்யவில்லை என்பதற்காக அவள் சனிக்கிழமை பஸ் ஏறிப் போவதை என்னால் தாங்க முடியாது. பொங்கல் வரை என்றால் பொங்கல் வரை.

ஆகவே, நீங்கள் செய்தது எதுவாக இருந்தாலும் வெளியே தெரியாமல் திரும்பச் சரி பண்ணிவிடவும், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அந்த டிக்கெட்டையும் ரத்து செய்யவும். நீங்கள் நிரபராதி என்றால், இத்துடன் வரும் சீல் வைத்த ஒயரை அங்கே நல்ல நிபுணரிடம் காட்டி எழுத்துமூலம் அறிக்கை வாங்கி அனுப்பவும். சீலை உடைக்கும்போது இரண்டு சாட்சிகள் இருக்கட்டும். சம்பந்தி இருவருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். சந்தேகப்பட்டுவிட்டார் மாமா என்று நினைக்க வேண்டாம், உங்கள் மேல் உள்ள பாசம் அப்படியே இருக்கிறது, விசாரணை தனி. குற்றாலநாதரும் குழல்வாய்மொழியம்மையும் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா
ப. சொரிமுத்து

பின்குறிப்பு: எழுதிய பதிவைக் கிழிக்கக் கூடாது என்பது என் சர்வீஸ் பழக்கம், அதனால் மேலே எழுதியதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே எழுதுகிறேன். மணி இப்போது பன்னிரண்டரை. உறையின் மேல் ஒயரின் நீளம், நிறம், அங்க அடையாளம் எழுத வேண்டும் என்பதால், உங்கள் அத்தை முன்னிலையில் சீலை உடைத்தேன். ஒயரின் வாய் முழுக்க மஞ்சளாக எதுவோ காய்ந்து அடைத்திருந்தது. யாரோ மருந்து வைத்திருக்கிறார்கள் என்றேன். அத்தை வாங்கி மோந்து பார்த்தாள். "இது நம்ம சந்தனம்லா"ன்னா. அழுத்திச் செருகியதில் லேப்டாப்புக்குள்ளும் அது போயிருக்கிறது. ஆகவே ஜெஸ்வின், சாம், சாரல் காற்று, உங்கள் அத்தை, நீங்கள், ஐந்து பேரும் விடுவிக்கப்படுகிறீர்கள். குற்றம் சாட்டப்படும் எதிரி, அடியில் கையொப்பமிட்டிருக்கும் நானே.

மஞ்சுவிடம் போய்ச் சொன்னேன். அவள் சனிக்கிழமையே டார்ச் அடித்துப் பார்த்து, பல் குத்தும் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டாளாம். புது ஒயரும் வாங்கிவிட்டாளாம். ஆறு மணிக்கு நான் நடைக்குக் கிளம்பியதும் மானிட்டரைப் போட்டு வேலை பார்த்திருக்கிறாள், முதுகு சூடு அதனால்தான். உங்களுக்கும் அன்றே சொல்லிவிட்டாளாம். கண்ணாடி போட்டுக்கொண்டு டிக்கெட்டையும் பார்த்தேன். பெங்களூரிலிருந்து தென்காசிக்கு, உங்கள் பெயரில். சந்தோஷம், வாங்க.

சரியானதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன், கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன். "ஆறு நாளா எங்கூடவே இங்கன உக்காந்திருக்கீங்கல்லா எப்பா. சரியாயிட்டுன்னு சொன்னா எந்திச்சுப் போயிருவீங்க"ன்னா. எத்தனையோ வாக்குமூலம் எழுதியிருக்கிறேன், இதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்தும் வாங்கவில்லை.

நாற்காலியை நான் இன்னும் எடுக்கவில்லை. நீங்கள் வந்ததும் நாலு பேருமாக ஐந்தருவிக்குப் போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை எட்டு முதல் ஒன்பது வரை எங்கே இருந்தீர்கள் என்பதை மட்டும் வரும்போது எழுதிக்கொண்டு வரவும், பதிவில் அந்த இடம் காலியாக இருக்கிறது.