ஞானக்கண்ணரின் பலகை

கண்ணைப் பார்க்காமலேயே கண்ணாடி கொடுக்கிறார் என்பதுதான் ஞானக்கண்ணரின் பெருமை. பார்த்துக் கொடுப்பவர்கள் இரண்டு தெரு தள்ளி ஈ ஓட்டிக்கொண்டிருக்க, இவர் வாடகைக்கு எடுத்த மாடிக் கூடத்துக்குப் படிக்கட்டு முழுக்க வரிசை நின்றது. விளக்கு இல்லை, லென்ஸ் இல்லை, ஒரு கேள்விகூட இல்லை. வந்தவர் நெற்றியில் கட்டைவிரலை வைப்பார், தன் கண்ணை மூடிக்கொள்வார், "மைனஸ் ஒன்றேகால்!" என்பார். உதவியாளர் பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிவிடுவார். அடுத்தவருக்கும் மைனஸ் ஒன்றேகால்தான். அதற்கடுத்தவருக்கும் அதேதான். ஊர் மொத்தத்துக்கும் ஒரே அளவில் பார்வை குறைந்திருப்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. ஊர் ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ!

அந்த வரிசையில் பஸ் டிரைவரும் நின்றார். இரண்டு மாதமாகத் தூரத்தில் இருப்பதெல்லாம் அவருக்குப் பஞ்சு பஞ்சாகத் தெரிந்தது. ஒரு நாள் தபால் பெட்டியை ஆள் என்று நினைத்து பஸ்ஸை நிறுத்தி, அது ஏறட்டும் என்று காத்திருந்தார். பஸ்ஸே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். மறுவாரம் ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

முறையாகப் படித்த கண் பரிசோதகரிடம் போக அவருக்குப் பயம். காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், டிப்போவுக்குத் தெரிந்துவிடும், ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அடுத்த வாரம் டிப்போவில் கண் சோதனை வேறு. இந்த நேரம் பார்த்து அவருடைய கண்டக்டர் காதில் ஓதினார்.

"அண்ணே, நான் ரெண்டு வாரமா போட்டிருக்கேன். உலகமே பளிச்சுனு இருக்கு. அவரு எதையும் எழுத மாட்டாரு, யார்கிட்டயும் சொல்லவும் மாட்டாரு."

இந்தக் கண்டக்டர் டிக்கெட்டைப் பார்க்காமலே கிழிக்கிறவர். அவருக்குப் பளிச்சென்று இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன!

டிரைவரின் மனைவி தையல்காரி. தையல் கடையிலிருந்து நேராகக் கணவரோடு வரிசைக்கு வந்ததால் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது, பையில் துணியில் கோடு போடும் சாக்பீஸ் இருந்தது.

"ஏங்க, அளவெடுக்காம நான் சட்டை தைச்சுக் குடுத்தா யாராவது வாங்குவாங்களா?"

"மெதுவாப் பேசு. அவரு ஞானத்துலயே அளவெடுக்கிறாரு."

"எல்லாருக்கும் ஒரே அளவு வருதே, அது என்ன ஞானம்? இவரு எங்க படிச்சாருன்னு ஒரு சர்டிபிகேட்டாவது சுவத்துல மாட்டியிருக்காரா பாருங்க."

"தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்?" என்றார் டிரைவர் எரிச்சலோடு.

வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, 'உள்ளொளி பெருகட்டும், ஊர் இருள் விலகட்டும்' என்று நூறு தடவை சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்குக் கண்ணாடி பலிக்காதாம். சொல்லி முடித்தவரின் மூக்கில் கண்ணாடி ஏறியதும், கூடத்தின் அந்தக் கோடியில் இருக்கும் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். பலகையில் என்ன எழுதியிருந்தது? வேறென்ன, உள்ளொளி பெருகட்டும், ஊர் இருள் விலகட்டும்! கண்ணாடி போட்டவர் தடுமாறாமல் படிப்பார், கூட்டம் கை தட்டும்.

டிரைவரும் படித்தார். "தெரியுது! எனக்குத் தெரியுது!" என்று மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். இரண்டு மாதத்தில் அவர் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க அவளுக்கே மனசு வரவில்லை. ஆனால் நாளைக் காலையில் இந்த மனுஷன் இந்தக் கண்ணாடியோடு அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ரோட்டில் போவார். அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, இஞ்ச் டேப்புக்கு மேலே பிடித்து, கிட்டேயும் தள்ளியும் நகர்த்திப் பார்த்தாள். எண்கள் பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடி!

அதை அவர் மூக்கிலேயே திருப்பி மாட்டிவிட்டாள்.

கடைசியில் கூட்டு வாசிப்பு, அதாவது கண்ணாடி வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து பலகையைப் படிப்பது. அதற்கு முன்பு எல்லோரும் ஒரு நிமிஷம் கண்ணை மூட வேண்டும். ஞானக்கண்ணரும் மூடினார், உதவியாளரும் மூடினார். தையல்காரி எழுந்து போய்ப் பலகையைத் திருப்பினாள். பின்பக்கம் கறுப்பு. சாக்பீஸை எடுத்து, உள்ளங்கை அகல எழுத்தில் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கண் திறந்தவர்களே, வாசியுங்கள்!" என்றார் ஞானக்கண்ணர், பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"உள்ளொளி பெருகட்டும், ஊர் இருள் விலகட்டும்!" என்று கண்ணாடி போட்ட இருபது பேரும் ஒரே குரலில் முழங்கினார்கள். டிரைவர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

"ஆஹா! பார்த்தீர்களா!"

மாமாவுக்குத் துணையாக வந்திருந்த ஒரு பார்சல் டெலிவரிக்காரிக்கு நல்ல கண். அவள்தான் முதலில் குபீரென்று சிரித்தாள். "மாமா, அங்க 'இது வெறும் கண்ணாடி, ஏமாறாதீங்க'ன்னு எழுதியிருக்கு!"

"சும்மா இரு. நான்தான் படிக்கிறேன்ல?" என்றார் மாமா.

தையல்காரி கணவரின் மணிக்கட்டைப் பிடித்து ஓர் அடி, இரண்டு அடி என்று முன்னால் நடத்திக்கொண்டு போனாள். எட்டாவது அடியில்தான் பலகையில் இருந்தது அவருக்குத் தெரிந்தது.

ஞானக்கண்ணருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. திரும்பினார். கண்ணைச் சுருக்கினார். ஒன்றும் தெரியவில்லை. பதற்றத்தில் ஜிப்பாப் பையில் கைவிட்டு ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பலகையைப் படித்தார்.

கூடமே அவரைப் பார்த்தது.

"அது எங்க வாங்கினது ஐயா?" என்றாள் தையல்காரி.

"ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணி..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இது ஊனக்கண்ணுக்கும்மா."

"எங்களுக்கும் அந்தக் கண்ணுதான் ஐயா கோளாறு!" என்றாள் டெலிவரிக்காரி. உதவியாளர் பெட்டியோடு பின்படிக்கட்டில் இறங்கிவிட்டிருந்தார்.

டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "நாளைக்கு இதைப் போட்டுட்டு வண்டியை எடுத்திருப்பேனே," என்றார். கண் கலங்கிவிட்டது. "நீங்க எடுக்கல இல்ல? எந்திரிங்க," என்றாள் அவள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் கண் பரிசோதகரிடம் போனார்கள். சுவரில் பட்டமும் பதிவு எண்ணும் இருந்தன. தையல்காரி நின்று நிதானமாக அதைப் படித்தாள். பரிசோதகர் அம்மா அதற்குக் கோபப்படவில்லை. சர்க்கரை உண்டா, தலை வலிக்கிறதா, என்ன வேலை என்று கேட்டார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று அரைமணி நேரம் உயிரை எடுத்தார்.

"மேடம், அந்தப் பலகையில என்ன இருக்குன்னு முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?" என்றார் டிரைவர், பழக்க தோஷத்தில்.

"சொல்லிட்டா அப்புறம் நான் எதைங்க சோதிக்கிறது?"

வலது கண்ணுக்கு ஓர் அளவு, இடது கண்ணுக்கு வேறு அளவு. சீட்டைக் கையில் கொடுத்து, "எந்தக் கடையில வேணும்னாலும் செஞ்சுக்குங்க. வந்ததும் இங்க கொண்டு வாங்க, சீட்டுல இருக்கிற மாதிரி இருக்கான்னு பார்த்துத் தரேன்," என்றார். டிப்போவில் அந்தக் கண்ணாடியோடு சோதனை முடிந்தது. கண்ணாடி போட்டு ஓட்டலாம் என்று ஒரு வரி எழுதினார்கள், அவ்வளவுதான். இதற்குத்தான் மனுஷன் இரண்டு மாதம் நடுங்கியிருக்கிறார்!

ஞானக்கண்ணர் ஊர் மாறிவிட்டாராம். அங்கேயும் படிக்கட்டு முழுக்க வரிசையாம். நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணாடியைத் தாங்க மூக்கும் காதும் போதும், யாரிடம் வாங்குவது என்று பார்க்க மட்டும் மூளை வேண்டும். அது எல்லோருக்கும் இலவசமாகவே கிடைத்திருக்கிறது, எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.