சட்டி யாருக்காக அழுதது?

ஊரே சட்டியும் கையுமாக அலைந்தது. தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு எந்தப் பாத்திரம் ஆகும், எது ஆகாது என்று சட்டிச் சாமி சொல்வாராம். அவர்கூட இல்லை, சட்டியே அழுது சொல்லுமாம்! பெற்ற தாய் அழுதால் திரும்பிப் பார்க்காதவனெல்லாம், அலுமினியம் அழுவதைப் பார்க்க வரிசையில் நின்றான்.

மனைவியை இழந்த லிப்ட் மெக்கானிக் ஒருவர் அப்போதுதான் சமைக்கப் பழகிக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்த மகள் சமையலறையை ஒழித்துக் கொடுத்தாள்.

"ஒரு சட்டி, ஒரு வாணலி, ஒரு கரண்டி. போதும்ப்பா."

"தட்டு ஒண்ணு போதுமா?"

"ரெண்டு வைங்க. நான் வந்தா தரையிலயா போட்டுச் சாப்பிடுறது?"

சட்டி, அம்மா சமைத்த பழைய சட்டி. அங்கேதான் பக்கத்து வீட்டுக்காரர் மூக்கை நுழைத்தார். "செத்தவங்க பாத்திரத்துல தனியாள் சமைச்சா ஆகாது சார். எதுக்கும் சாமிகிட்ட காட்டிடுங்க."

அந்த 'எதுக்கும்' போதாதா? அப்பா கிளம்பிவிட்டார். மகளும் கூடவே போனாள்.

ஜன்னல்களை அடைத்த கூடம். திறந்தால் அருள் பறந்துவிடுமாம். வேர்த்து வழியும் கூட்டத்துக்கு நடுவே, சாமியின் இரு பக்கமும் துணி சுற்றிய இரண்டு கூஜாக்கள். இடது கூஜாத் தண்ணீரை அப்பாவின் சட்டியில் ஊற்றினார். சற்று நேரத்தில் சட்டியின் வெளிப்புறமெல்லாம் முத்து முத்தாக நீர்!

அப்பா சட்டியின் மேல் குனிந்தார். "அவளா சாமி அழறா?"

"பசியில அழறாங்க. இதை இங்கேயே விட்டுட்டு, நான் பூஜை பண்ணின தனியாள் செட்டை வாங்கிட்டுப் போங்க."

தனியாள் செட்டா அது? ஒரு பட்டாளத்துக்கே பொங்கிப் போடலாம்! அதிலிருந்து ஒரு சட்டியை எடுத்து வலது கூஜாத் தண்ணீரை ஊற்றினார். அது அழவில்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மகள் எழுந்தாள். "சாமி, அந்தக் கூஜாத் தண்ணியையே இதுலயும் ஊத்துங்களேன்."

"ரெண்டும் ஒரே தண்ணிதாம்மா."

"அப்ப எதை ஊத்தினா என்ன?"

அவள் அப்பாவின் கையைப் பிடித்து இடது கூஜாவுக்குள் விட்டாள். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐஸ்!"

சாமி தடுப்பதற்குள் பூஜைச் சட்டியைக் காலி செய்து, அந்த ஐஸ் தண்ணீரை ஊற்றினாள். கூடமே மூச்சைப் பிடித்துப் பார்த்தது. பூஜைச் சட்டி தேம்பித் தேம்பி அழுதது!

"கூட்டத்தோட புழுக்கம், ஜில்லுனு இருக்கிற சட்டியில தண்ணியாப் படியுது. அவ்வளவுதான். இல்லேன்னா, இது புதுச் சட்டியாச்சே, யாருக்காக அழுவுது சாமி?"

சாமிக்கும் வேர்த்தது. அதற்கு ஐஸ் தேவைப்படவில்லை.

அப்பா மனைவியின் சட்டியை எடுத்து, சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்தார். "அவ கோவம்னா என் மூஞ்சிக்கு நேரா திட்டுவாய்யா. சட்டிக்குள்ள ஒளிஞ்சு அழுற பொம்பளையா அவ? அவளை நம்பாம உன்னைப் போய் நம்பிட்டேனே!"

பின்வாசல் வழியாகச் சாமி மறைந்தார். கூட்டத்தில் ஒருவர் கவலையாகக் கேட்டார்: "அப்ப எனக்கு எந்தச் சட்டிதாம்மா ஆகும்?"

"நீங்க சாப்பிடுற அளவுக்கு எது போதுமோ அதுங்க!"

கடையில் ஓட்டைச் சட்டியைத் தலையில் கட்டிவிடுவானோ என்று தட்டித் தட்டிப் பார்த்து வாங்குகிற புத்திசாலிகளே! சாமியார் பேச்சை மட்டும் ஏன் தட்டிப் பார்ப்பதில்லை? கழுத்துக்கு மேலே இருப்பது வெறும் மூடியல்ல; திறந்து, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கிளறுங்கள்!