விடுதலைக்கு வேர் தேடியவர்

ஒரு சொல்லைக் கண்டால் அதன் வேரைப் பிடித்து இழுக்காமல் விடாத ஓர் இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெரியாமல் "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால் போதும், சௌக்கியம் எந்த மொழிச் சொல் என்று தொடங்கி, நீங்கள் வந்த வேலை மறந்து, ஏற வேண்டிய பஸ் போய், கையிலிருக்கும் பால் திரியும் வரை விளக்குவார்கள். சொல்வது சரியாகவும் இருக்கும். அதுதான் கொடுமை.

அச்சகத்தில் பிழை திருத்தும் ஒருவர் அந்த இனம். தெருவில் அவருக்குப் 'பகுபதம்' என்றே பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி, கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல் முறையாக, தனியாகத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். பத்து நாள் பயணம். ஒன்பது மணிக்கு பஸ். எட்டேகாலுக்குக் குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது.

"என்னங்க! தாழ்ப்பாள் வர மாட்டேங்குது. சீக்கிரம் வந்து விடுதலை பண்ணுங்க!"

'கதவைத் திறங்க' என்று சொல்லியிருக்கலாம். விதி.

ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி வந்த மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். முகத்தில் ஒளி ஏறியது.

"விடுதலை! என்ன அழகான சொல்லு பாரு. பகுதி 'விடு'. அதுதான் நீண்டு 'வீடு' ஆச்சு. கெடு, கேடு ஆகலையா? அப்படித்தான். வீடுன்னா மோட்சம். நாம குடியிருக்கறதும் வீடு!"

"இங்க குடியிருக்கறதை மோட்சம்னு யாரு சொன்னது? திறங்க, தலை போற அவசரம்!"

"அந்தத் தலை வேற. இது வெறும் விகுதி. விவரம் தெரியாத சில பேரு, தலைய விடுறதுன்னு..."

"நான் உங்க தலையத்தான் சொல்றேன்!"

அவருக்கு உண்மையிலேயே ஆனந்தம். யாரும் மேடைக்கு அழைக்காத மனிதருக்கு, எழுந்து போக முடியாத ஒரு சபை அமைவதென்றால் லேசா? விடுதி வந்தது, விடுப்பு வந்தது, விடுமுறை வந்தது, மணி எட்டே முக்காலும் வந்தது. உள்ளே சத்தம் ஓய்ந்ததை, அவள் உன்னிப்பாகக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

அவளோ ஜன்னல் வழியாக எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டிருந்தாள். அந்தம்மா வந்தார். பகுபதத்தின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி, கீல்களைக் கழற்றி, கதவையே பெயர்த்துச் சுவரில் சாய்த்தார்.

மனைவி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"ஒரு நிமிஷம்! 'விடை'னு சொல்றமே, அதுவும்..."

"பஸ்ல போய் யோசிச்சுக்கறேன்."

பஸ் கிடைத்தது. பத்து நாள் இருபது நாளாயிற்று. சாப்பாட்டு மேசையில் எதிரே ஆளில்லாமல் உப்பு ஜாடியிடம் வேர்ச்சொல் பேசிப் பார்த்தார். பொறுக்க முடியாமல் போனில் கேட்டார்: "எப்ப வர்றே?"

"வீடும் விடுதலையும் ஒண்ணுதான்னு சொன்னீங்களே. ரெண்டையும் ஒத்துப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

பிழை திருத்துகிறவருக்கு அந்த வாக்கியத்தில் ஒரு பிழைகூட அகப்படவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் விடுதி, விடுப்பு என்று படித்துக்கொண்டு வந்தபோது, 'விடுகதையை விட்டுவிட்டானே!' என்று உங்கள் மனம் ஒரு துள்ளு துள்ளியதா? அப்படியானால், உங்கள் வீட்டில் யாராவது வெகு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.