சுவருக்கு நாடி பார்த்த மகான்

அந்தப் பேட்டையில் பாதி வீட்டுச் சுவர்களில் ஓட்டை. எலி போட்டதல்ல, வீட்டுக்காரர்களே உளி வைத்துப் போட்டது. வீட்டை விற்க நினைத்தவர்கள் சுவரில் ஒரு துண்டு காரையைப் பெயர்த்துக்கொண்டு சுவர்நாடியாரிடம் ஓடினார்கள். அவர் அதைக் காதோரம் வைத்து, கண்ணை மூடி, வீட்டின் விலையைச் சொல்லிவிடுவார். அளக்க வேண்டாம், பார்க்க வேண்டாம், அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவும் வேண்டாம்! விடிவதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். படித்தவர்கள்தாம் முன்னால் நின்றார்கள். முந்திக்கொள்ளத் தெரிந்தவர்கள் அல்லவா?

தையல்காரியும் போன வாரம் போய்வந்தாள். அவளுடையது மாடி வீடு. புருஷனுக்கு முழங்கால் தேய்ந்து, ஒவ்வொரு படிக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அதை விற்றுத் தரைத்தளத்தில் ஒன்று வாங்க வேண்டும். அறுபது லட்சமாவது கிடைத்தால்தான் அது நடக்கும். சுவர்நாடியாரோ நாற்பத்திரண்டு என்றுவிட்டார். சுவர் அழுகிறதாம். அவர் வாசலில் மேசை போட்டிருந்த தரகர், பெரிய மனது பண்ணி, அழுகிற வீட்டை அதே விலைக்கு வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். இன்று மாலை கையெழுத்து.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் நாத்தனார். பேங்குக் கடனுக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடுவது அவள் வேலை.

"அண்ணி, சுவரு அழுதா பைப்பு கசியுதுன்னு அர்த்தம். பிளம்பரைக் கூப்பிடாம இந்த ஆள்கிட்ட போனீங்களா?"

"வாயைக் கழுவு. அவர் நம்ம மனசுல இருக்கிற விலையை ஒட்டியே பேசுறாரு, தெரியுமா?"

"மனசுல இருக்கிறதா, எழுதிக் குடுத்ததா?"

"காரையைச் சுத்திக் குடுக்கிற சீட்டுல பேரு, விலாசம், எதிர்பார்க்கிற விலை எழுதணும். நான் அறுபதுன்னு எழுதினேன்."

"விக்கிறவங்க ஆசை எனக்குத் தேவையே இல்ல, அண்ணி. பக்கத்துல இதே மாதிரி வீடு சமீபத்துல என்ன விலைக்குக் கைமாறுச்சுன்னு பார்ப்பேன். உங்களுது அதைவிடப் பெருசா, பழசா, தெரு அகலமான்னு பார்த்துக் கூட்டுவேன், கழிப்பேன். பின்தெருவுல இந்த வருஷம் மூணு வீடு வித்திருக்கு. அதை வச்சுப் பார்த்தா உங்களுது அறுபத்தஞ்சுக்குக் குறையாது."

தையல்காரி நம்பவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னால் வெறும் மனித மூளை. கண்ணை மூடிச் சொன்னால் தெய்வ வாக்கு ஆயிற்றே!

"சந்தேகமா? வாங்க, சோதிச்சுப் பார்த்துடுவோம்."

சுவர்நாடியாரின் கூடத்தில் ஈ நுழைய இடமில்லை. சுவர் ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. நாத்தனார் நகத்தால் அதில் ஒரு துண்டு காரையைப் பெயர்த்து, இரண்டாக உடைத்தாள். தையல்காரி வாயைத் திறக்கப் போனாள். நாத்தனார் அவள் காலை மிதித்தாள். இரண்டு சீட்டு, இரண்டு பொய் விலாசம். ஒன்றில் முப்பது, இன்னொன்றில் தொண்ணூறு.

முதலில் நாத்தனார் போனாள். மகான் உள்ளங்கைக்குள் சீட்டைப் பிரித்தார், அரைக்கண்ணால் பார்த்தார், பிறகு முழுக்க மூடினார்.

"இருபத்தொண்ணு. குடும்பம் நடத்த லாயக்கில்லாத வீடு. உள்ளே திருட்டு வாடை அடிக்குது."

கூட்டம் 'உச்' கொட்டியது. அடுத்து தையல்காரி தன் துண்டை நீட்டினாள்.

"அறுபத்துமூணு. ஆகா, ராஜகளை! ஆனா, சுவருக்கு ஏதோ ஏக்கம்."

நாத்தனார் இரண்டு துண்டையும் எடுத்து ஒட்டிப் பிடித்து, சுவரிலிருந்த பள்ளத்தில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"ரெண்டும் ஒரே காரை. அதுவும் இந்தக் கூடத்துச் சுவரு! முப்பதுன்னு எழுதினா இருபத்தொண்ணு, தொண்ணூறுன்னு எழுதினா அறுபத்துமூணு. எழுதினதுல பத்துக்கு மூணு வெட்டு. அந்த விலைக்கு வாசல்ல தரகர் வாங்கிக்கிறாரு."

"நான் அம்பது எழுதினேன், முப்பத்தஞ்சுன்னான்!" என்று அலறினார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். தரகர் அதற்குள் மேசையை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சுவரு பொய் சொல்லுது!" என்றார் மகான்.

தையல்காரிக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து பொங்கின. "என் புருஷன் முட்டி வலியில நீ பொழைக்கணுமாய்யா?" என்று கேட்டு, மாலையில் கையெழுத்துப் போட வைத்திருந்த ஒப்பந்தத் தாளைக் கிழித்து அவர் மடியில் போட்டாள்.

அரைக்கிலோ கத்தரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்கி, சொத்தை பார்த்துப் பொறுக்குகிறோம். குடியிருக்கிற வீட்டை மட்டும் எவனோ காதில் வைத்துச் சொன்ன விலைக்குக் கொடுக்கிறோம். அவன் கண்ணை மூடிக்கொண்டது பிழைப்புக்காக, ஐயா. நாம் எதற்காக மூடிக்கொண்டோம்?